வெள்ளைத் தரை

அன்று மதியம் யார் யார் எங்கே இருந்தார்கள் என்று முதலில் எழுதச் சொன்னீர்கள், தோழர் மேஜர். அதையே எழுதுகிறேன்.

பின்கோடி அறையில்: லெப்டினன்ட் க்ளெப் ஒபுஹோவ், வயது இருபத்து நான்கு, போன வசந்தத்தில் கல்யாணமானவர். மூத்த மாலுமி ராவில் ஷகிரோவ், கசான்காரன். மாலுமி இல்மார் கூஸ்க், எஸ்தோனியன், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

அதற்கு முந்தைய டீசல் அறையில், கதவுக்கு இந்தப் பக்கம்: மிச்மான் ப்ரோஹோர் லூகிச் வெதெர்னிகோவ், அதாவது நான். பிறகு வந்து சேர்ந்தவர் டாக்டர் எவ்ஸேய் மார்கொவிச் லீபின்.

நடு அறையில்: கேப்டன் அர்ஸேனி காய். அவர் காதில் விழாதபடி நாங்கள் எல்லோரும் அவரை அப்பா என்போம்.

மற்ற நாற்பத்தெட்டுப் பேர் முன்பக்க அறைகளில் இருந்தார்கள், அல்லது சீக்கிரமே அங்கே அழைக்கப்பட்டார்கள். அவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது. கசியவில்லை. கசியும் பொருள்களை எனக்குப் பிடிக்காது.

பின்கோடி அறை என்னுடையது. ஒன்பது வருஷமாக நான்தான் பொறுப்பு. அதிகாரிகள் மாற்றலாகிப் போவார்கள். மாலுமிகள் மூன்று வருஷம் முடிந்ததும் வீட்டுக்குப் போவார்கள். மிச்மான் இரண்டு பக்கமும் சேராதவன், அறையோடு கிடப்பவன். பதவியில் லெப்டினன்ட் ஒபுஹோவ் எனக்கு மேலே. ஆனால் எந்தத் திருகாணி எங்கே இருக்கிறது என்று என்னைத்தான் கேட்பார். எல்லோரையும் போல அவரும் என்னை லூகிச் என்றே கூப்பிடுவார்.

எங்கள் நீர்மூழ்கிப் படகைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன். அதன் கோபுரத்தில் எண் கிடையாது. எந்தப் பட்டியலிலும் அதற்குப் பெயர் இல்லை. நாங்கள் ஊமைச்சி என்போம். நான் கப்பல் பழுதுபார்க்கும் துறையில் இருப்பதாகத்தான் என் மனைவி ஸீனா இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்நியக் கடலின் அடியில் நூற்று நாற்பது மீட்டர் ஆழத்தில், சேற்றில் வயிற்றை வைத்துப் படுத்து, அங்கே ஓடும் ஒரு கம்பிவடத்தின் பக்கத்தில் காது கொடுத்துக் கிடப்பது எங்கள் வேலை. யாருடைய கம்பிவடம் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் சரி. தெரியாவிட்டால் நான் சொல்லக் கூடாது.

அது பதினோராவது நாள். எட்டாம் நாளிலிருந்து ஒரு கப்பல் எங்கள் தலைக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தது. அதன் ஒலிக்கதிர் ஒவ்வொரு நிமிஷமும் எங்கள் உடம்பில் வந்து 'டிங்' என்று தட்டும். கரண்டிகளைத் துணியில் சுற்றி வைத்திருந்தோம். ரப்பர் செருப்புதான் போட்டு நடந்தோம். இருமல் வந்தால் தலையணையில் முகம் புதைத்து இருமினோம்.

கடலடியில் டீசல் ஓடாது. காற்று வெளியிலிருந்து வராது. தகரப் பெட்டியில் அடைத்த மஞ்சள் தகடுகளிலிருந்து வருவதுதான் காற்று. எங்கள் கெட்ட மூச்சை அவை உறிஞ்சிக்கொண்டு ஆக்சிஜனைத் தரும். நல்ல பொருள்தான். ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் மட்டும் குண்டுபோல வெடிக்கும். முதல் நாளே எல்லோருக்கும் சொல்லித் தரும் பாடம் இது.

இரண்டாம் நாள் மாலுமிகளே ரகசியமாகச் சொல்லித் தரும் பாடம் ஒன்றும் உண்டு. அந்தத் தகட்டை வாளித் தண்ணீரில் போட்டால் சீறும். அந்தத் தண்ணீரால் துடைத்தால் தரை பால்போல வெளுக்கும். சட்டையை நனைத்தால் கடையில் வாங்கிய அன்று இருந்ததைவிட வெள்ளையாகும். விதிப்படி தடை. ஆனால் வட கடலில் தகட்டுத் தண்ணீரால் தரை கழுவாத நீர்மூழ்கி எனக்குத் தெரிந்து இல்லை. பார்வையிட வரும் அட்மிரல்களும் தரையைப் பார்த்து மெச்சுவார்கள். எப்படி என்று கேட்கமாட்டார்கள். அவர்களும் ஒரு காலத்தில் கழுவியவர்கள்தான்.

என் அறைக் கதவில் சிவப்புக் கொடி ஒன்று தொங்குகிறது, பார்த்திருப்பீர்கள். சிறந்த அறைக்கான கொடி. ஒன்பது வருஷத்தில் ஒன்பது முறை எனக்கே வந்தது. கரைக்குத் திரும்பும் நாளில் விருந்துக்குச் சுட்ட பன்றிக்குட்டி வரும்போது அதன் முதல் துண்டை அப்பா அந்த அறைக்குத்தான் வெட்டித் தருவார்.

பொதுவாகத் தீர்ந்த தகடுகளால்தான் கழுவுவார்கள். நான் புதியதால் கழுவுவேன். வெண்மையில் வித்தியாசம் தெரியும். இந்த முறையும் திரும்பும் நாளுக்காகப் புதுத் தகடு மூன்றைச் சுத்தமான துணியில் சுற்றி, வலது மோட்டாருக்குப் பின்னால் வைக்கும்படி ஷகிரோவிடம் கொடுத்தேன்.

"லூகிச், மோட்டார் பக்கத்துலயா? எண்ணெய் பட்டா என்ன ஆகும்?" என்று கேட்டான்.

"என் அறையில எண்ணெய் எங்கடா இருக்கு? விரலை வெச்சுத் தடவிப் பாரு."

தடவிப் பார்த்தான். விரலைக் காட்டிச் சிரித்தான். "எங்கம்மா சமையக்கட்டுகூட இவ்வளவு சுத்தம் இல்ல. உங்க ஸீனா அக்கா பாவம்."

அது உண்மைதான், என் அறையில் எண்ணெய் கிடையாது. மோட்டார் உருளையிலிருந்து வடியும் சொட்டு எண்ணெய் ஒரு தட்டில் விழும். தினமும் காலையில் அதை நானே துடைப்பேன். ஆனால் இந்த முறை படகு சேற்றில் ஒரு பக்கம் மூன்று டிகிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தது. பதினோரு நாளாக எண்ணெய் தட்டுக்கு வரவில்லை. தட்டு காய்ந்திருந்ததைப் பார்த்து நான் திருப்தியடைந்தேன். அது எந்தப் பக்கம் போனது என்று யோசிக்கவில்லை. கடலடித் தரை ஓரிடத்தில் சாய்ந்திருந்தால் என்னைக் குற்றம் சொல்ல முடியுமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மதியம் ஒன்று இருபது. முட்டைக்கோஸ் சூப், கறுப்பு ரொட்டி, காய்ந்த மீன். ஆளுக்கு ஐம்பது மில்லி சிவப்பு ஒயின் உண்டு. என் ஆட்களின் பங்கை வாங்க நான் முன்னால் போயிருந்தேன். பாத்திரத்தோடு திரும்பி டீசல் அறையைக் கடந்து, கதவுக்கு இரண்டடி முன்னால் வரும்போது உள்ளே பெரிய சத்தம். அந்த வட்டக் கதவு திறந்தே இருந்தது. மஞ்சள் வெளிச்சம் வந்தது. பிறகு புகை.

பாத்திரத்தைக் கீழே வைத்தேன். சிந்தவில்லை. கதவைச் சாத்திப் பிடியை இறக்கினேன்.

இதில் தவறு காண உங்களால் முடியாது. விதி அதுதான். தீ பிடித்த அறையில் இருப்பவன் அந்த அறையிலேயே இருந்து போராட வேண்டும். பக்கத்து அறைக்காரன் கதவைச் சாத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே சொந்தத் தம்பி இருந்தாலும் கேப்டன் சொல்லும்வரை திறக்கக் கூடாது. முதல் முறை கடலுக்குள் மூழ்கும் நாளில், விளக்கிலிருந்து கழற்றிய கண்ணாடிக் கிண்ணம் நிறையக் கடல்நீரைக் குடித்துச் சத்தியம் செய்யும்போது எல்லோரும் இதற்குச் சம்மதித்துத்தான் குடிக்கிறார்கள். கூஸ்க் போன வருஷம் குடித்தான். ஒரே மடக்கு. முகம்கூடச் சுளிக்கவில்லை.

டீசல் அறையில் இருந்தவர்களை அப்பா முன்பக்கம் அழைத்துக்கொண்டார். புகை கசிந்தால் அது ஒரு அறையோடு நிற்கட்டும் என்று. கதவைக் காக்க நான் மட்டும் தங்கினேன். முகமூடி மாட்டிக்கொண்டேன்.

ஒன்பது நிமிஷம் கழித்துச் சுவரில் இருந்த சின்ன போன் மணியடித்தது. பின்கோடியிலிருந்து நடு அறைக்குப் போகும் கம்பி எரிந்துவிட்டது. எங்கள் இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த கம்பி மட்டும் பிழைத்திருந்தது. அவர்கள் உலகத்தோடு பேச வேண்டுமானால் என்னோடுதான் பேச முடியும். இது நான் திட்டமிட்டதல்ல. அப்படி அமைந்தது.

"லூகிச், க்ளெப் பேசறேன்." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே இருமினார். "தீ அணைஞ்சிடுச்சு. நுரைய அடிச்சே அணைச்சிட்டோம். ராவிலுக்கு ரெண்டு கையும் வெந்திருக்கு. கூஸ்குக்கு ஒண்ணும் இல்ல, வழக்கம்போல வாயே தொறக்கல. மூச்சுப் பைய மாட்டிக்கிட்டு மூணு பேரும் கடைசி மூலையில படுத்திருக்கோம். கதவுப் பக்கம் வர முடியல, நடுவுல தரையெல்லாம் கனலா இருக்கு, ஒண்ணும் தெரியல. அப்பாகிட்ட சொல்லுங்க, மேல தூக்கச் சொல்லுங்க. பை ஒரு மணி நேரந்தான் தாங்கும்."

"சொல்றேன்."

"இன்னொண்ணு. வெடிச்சது வலது மோட்டார் பின்னாடி. தகடு வெடிச்ச மாதிரி இருக்கு. தகடு அங்க எப்படி வந்துச்சு லூகிச்?"

"பேசாதீங்க, லெப்டினன்ட். காத்து வீணாப் போகுது."

அவரிடம் கோபம் இல்லை. கணக்குக் கேட்கும் குரலும் இல்லை. எந்தத் திருகாணி எங்கே என்று கேட்கும் அதே குரல்தான். அதுதான் என்னைத் தொந்தரவு செய்தது.

உடனே நடு அறையிலிருந்து பேசும் குழாய் வழியாக அப்பாவின் குரல் வந்தது. "லூகிச், உள்ள உயிர் இருக்கா?"

"தெரியல, தோழர் கமாண்டர்."

"தட்டுறாங்களா?"

"இல்ல."

தலைக்கு மேலே 'டிங்'. பிறகு மெதுவாகச் சொன்னார்: "நல்லாக் கேளு. ஒரு ஆள் உயிரோட இருந்தாலும் சொல்லு, இப்பவே மேல போறேன். அவன் கப்பல் மூக்குக்கு முன்னாடியே நாம முளைச்சாலும் சரி, என் தோள்ல இருக்குற பதவிப் பட்டையைப் பிய்ச்சாலும் சரி. பசங்கள இந்தச் சேத்துல விட்டுட்டு வரமாட்டேன். ஆனா எல்லாரும் போயிட்டாங்கன்னா, மிச்சம் இருக்குற அம்பது பேரைக் காட்டிக் கொடுக்க மாட்டேன். புரியுதா?"

"புரியுது."

இதன் அர்த்தம் உங்களுக்கும் புரிய வேண்டும். அடியில் கிடந்தபடி அந்தக் கதவை அகலத் திறந்தால் விஷப்புகை படகெங்கும் போகும். மேலே போய்க் காற்றை மாற்றினால்தான் அவர்களைக் காப்பாற்ற முடியும். மேலே போனால் படகு அம்பலமாகும். படகு அம்பலமாகாமல் காப்பது என் கடமை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தக் காகிதம் உங்கள் அலமாரியில் இருக்கும். நான் வேறு எதையும் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பாதி உண்மை.

நான் யோசித்தது இது. மேலே போனால் மூன்று பேரும் பிழைப்பார்கள். பிழைத்தால் பேசுவார்கள். படகு அம்பலமானதற்கு ஒரு காரணம் வேண்டும். காரணம் ஒரு தரை. அந்தக் கொடியை யாரோ ஒரு சின்னப் பயல் வந்து கழற்றுவான்.

இருபத்தோராவது நிமிஷம் மறுபடி மணி. இந்தத் தடவை ஷகிரோவ்.

"லூகிச், சொல்லிட்டீங்களா? படகு அசையவே இல்லையே."

"சொல்லியாச்சு. பொறு."

"லெப்டினன்ட் மயங்கிட்டாரு. நாங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அவரு வாயில மூச்சுக் குழாயப் புடிச்சிட்டிருக்கோம். என்னால புடிக்க முடியல, கை..." மூச்சு வாங்கினான். பிறகு குரலைத் தணித்தான். அங்கே ஒட்டுக்கேட்க யாரும் இல்லை. இருந்தும் தணித்தான். "லூகிச், நான் சொல்லல. தகடு யாரு வெச்சதுன்னு கேட்டாரு, தெரியாதுன்னுட்டேன். எங்கயும் சொல்லமாட்டேன். எங்கம்மா மேல சத்தியமா. தொறங்க அண்ணே."

கடலில் யாரும் என்னை அண்ணே என்று கூப்பிட்டதில்லை.

அவன் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அதுவரைக்கும் நான் எதையும் முடிவு செய்திருக்கவில்லை. அதை மறைக்க வேண்டுமென்றேதான் திறக்காமல் இருக்கிறேன் என்று அவன் நினைத்துவிட்டான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அப்படி ஒருவன் நினைத்துவிட்ட பிறகு எந்த முகத்தோடு அவனை வெளியே தூக்குவது?

போனின் மூடியைக் கழற்றி, கம்பியைப் பிடித்திருந்த திருகாணியை எடுத்தேன். அது தொலைந்துவிடக் கூடாதே என்று என் பல்பொடி டப்பாவில் போட்டு வைத்தேன். இன்று காலை உங்கள் மேசையில் அந்த டப்பாவைப் பார்த்தேன். வேறொருவனாக இருந்தால் கம்பியை அறுத்திருப்பான். அறுந்த கம்பி தீயில் போனதாக நீங்களும் நினைத்திருப்பீர்கள். என்னால் நல்ல கம்பியை அறுக்க முடியாது.

அதற்குப் பிறகுதான் தட்டத் தொடங்கினார்கள்.

அப்பா மொத்தம் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் ஒரே பதிலைச் சொன்னேன். மூன்றாவது முறை அவர் குரல் உடைந்திருந்தது. "சரி லூகிச். டாக்டரை அனுப்புறேன். அவரும் ஒரு தடவை கேட்டுப் பாக்கட்டும்" என்றார். அவர் என்னை நம்பவில்லை என்று சொல்லமாட்டேன். அவருக்கு நம்ப விருப்பமில்லாமல் இருந்தது.

டாக்டர் லீபினை எல்லோருக்கும் பிடிக்கும். சதுரங்கத்தில் கள்ள ஆட்டம் ஆடுவார், பிடிபட்டால் "நோயாளிக்கு இது தேவைப்பட்டது" என்பார். எந்த அறைக்கு வந்தாலும் கதவில் இரண்டு தடவை மெதுவாக, மூன்று தடவை வேகமாகத் தட்டிவிட்டுத்தான் தலையை நீட்டுவார். பதினோரு நாளாக அதையும் விரல் நுனியால்தான் செய்தார்.

வந்தார். கதவில் காதை வைத்தார்.

"லூகிச், தட்டுறாங்க."

"இரும்பு குளிருது, டாக்டர். சூடு எறங்கும்போது அப்படித்தான் சத்தம் வரும்."

தலையாட்டினார். மனித உடம்பைப் பற்றித்தான் அவருக்குத் தெரியும், இரும்பைப் பற்றி என்னைத்தான் நம்ப வேண்டும். ஒரு நிமிஷம் நம்பினார். அப்போது உள்ளேயிருந்து வந்தது. இரண்டு மெதுவாக. மூன்று வேகமாக. ஒரு நிறுத்தம். மறுபடி இரண்டு, மூன்று.

அது கூஸ்க் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பேசாதவன்தான் இப்படி மற்றவர்களின் பழக்கங்களை உற்றுக் கவனித்து வைத்திருப்பான்.

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகமூடிக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்கள் மட்டும் தெரிந்தன. "இரும்பு என்னைக் கூப்பிடுதா, லூகிச்?" என்றார். கேலியாகத்தான் தொடங்கினார், முடிக்கும்போது கேலி இல்லை. நடு அறைக்குப் பேசும் குழாயை நோக்கிக் கையை நீட்டினார்.

நான் அந்தக் கையைப் பிடித்தேன். பலமாக அல்ல.

நியாயமான விஷயத்தைத்தான் சொன்னேன். "டாக்டர், அவசரப்படாதீங்க. தட்டுறது ஒருத்தனா மூணு பேரான்னு தெரியாது. பொழைக்கிற நிலையில இருக்கானான்னு தெரியாது. நீங்க இப்ப ஒரு வார்த்தை சொன்னா அப்பா படகைத் தூக்கிடுவாரு. மேல போறதுக்குள்ள அவன் செத்துட்டா அம்பது பேரும் அந்நியன் கையில, ஒரு பொணத்துக்காக. மொதல்ல உள்ள போய்ப் பாருங்க. பன்னெண்டு எட்டு வெச்சாப் போதும். வலது பக்கம் வேணாம், இடது சுவரத் தொட்டுக்கிட்டே போங்க. இருக்காங்கன்னா கதவுக்கு வந்து அதே மாதிரி தட்டுங்க. நான் அப்பாகிட்ட சொல்றேன்."

அவர் யோசித்தார். டாக்டர்கள் எப்போதும் முதலில் நோயாளியைப் பார்க்க விரும்புவார்கள். "சரி" என்றார். "உன் வெள்ளைத் தரையில செருப்போட போகலாமா?"

"பரவால்ல."

நீங்கள் எனக்குப் படித்துக் காட்டிய அறிக்கையில் டாக்டர் லீபின் தடுத்தும் கேளாமல் தாமாகவே உள்ளே போனார் என்று இருக்கிறது. அதை எழுதியது நான். மூன்று பேரும் முதல் வெடிப்பிலேயே இறந்தார்கள் என்று எழுதியதும் நான். ஒபுஹோவின் மனைவியிடம் அவருக்கு வலியே தெரிந்திருக்காது என்று சொன்னதும் நான். அந்தப் பெண் என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். செத்தவன் மூச்சுப் பையைக் கடைசிவரை காலி செய்யமாட்டானே, லூகிச், மூன்றும் காலியாக இருந்ததே என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். நல்ல கேள்வி. அதற்கான பதிலை மேலே எழுதிவிட்டேன்.

டாக்டரின் பையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன், எதுவும் அரைகுறையாக இருக்கக் கூடாது. டீசல் அறைச் சுவரில் இரண்டு பைகள் தொங்கின. ஒன்று முழுப்பை. மற்றது போன மாதப் பயிற்சியில் பயன்படுத்தியது, பத்து நிமிஷத்துக்கு மேல் தாங்காது. அதன் வாரில் நானே சிவப்பு நூல் கட்டி அடையாளம் வைத்திருந்தேன். நூலை அவிழ்த்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதை அவர் முதுகில் மாட்டி வாரை இழுத்துக் கட்டினேன். இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, வசதியாக இருக்கிறது என்றார்.

மறுநாள் சாயங்காலம் அந்தக் கப்பல் விலகிப் போனது. நாங்கள் வெகு தூரம் தள்ளிப் போய் மேலே வந்தோம். ஐம்பது பேர் கோபுரத்தில் மாறி மாறி ஏறி நின்று காற்றைக் குடித்தார்கள். அப்பா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். ஐம்பது பேர், தோழர் மேஜர். எழுதும்போது அந்த எண்ணையும் எங்காவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்று மதியம் டாக்டருக்குப் பையை மாட்டிய பிறகு, பிடியைத் தூக்கிக் கதவை ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்தேன். கறுப்புப் புகை தரையோடு தவழ்ந்து வந்தது. டாக்டர் குனிந்து, முதலில் தலையை நீட்டாமல், பழக்கத்தை விடாமல், கதவின் விளிம்பில் விரலால் இரண்டு மெதுவாக, மூன்று வேகமாகத் தட்டினார். உள்ளே வெகு தூரத்தில் யாரோ பதிலுக்குத் தட்டினார்கள். அவர் நுழைந்தார். ஒரு செருப்பு விளிம்பில் மாட்டிக்கொண்டது. அதை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பிறகு கதவைச் சாத்தினேன். ரப்பர் விளிம்பை அன்று காலைதான் துடைத்திருந்தேன், அதனால் சத்தமே இல்லாமல் பொருந்தியது. பிடியை இறக்கினேன். உள்ளேயிருந்து யாரும் தூக்க முடியாதபடி பூட்டு ஊசியைத் துளையில் செருகி, அது கடைசிவரை போய்விட்டதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன்.